வாத்துக்கு அச்சப் பயிற்சி

யாங்கோன் நகரத்தின் கியாக்டடா வட்டாரத்தில், சூலே பகோடாவைச் சுற்றிக்கொண்டு பஸ்கள் திரும்புகிற முனைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிவப்புக் கட்டடம் இருக்கிறது. வெள்ளைக்காரன் கட்டியது. மாடி விளிம்பில் ஒரு அரசங்கன்று முளைத்து, அதை வெட்டக்கூடாது என்று ஒரு பிரிவும் வெட்டியே தீரவேண்டும் என்று இன்னொரு பிரிவும் மாறி மாறி எழுதிக்கொண்டிருக்க, அது பாட்டுக்கு மரமாகிக்கொண்டிருந்தது. வாசலில் மணல் மூட்டை, முள்கம்பிச் சுருள், துப்பாக்கியோடு ஒரு காவலாளி. எல்லாவற்றுக்கும் மேலே பலகை: தீவுப் பறவைகள் பாதுகாப்பு நிலையம்.

நிலையத்தில் இயக்குநர் உண்டு, துணை இயக்குநர் உண்டு, முட்டைப் பிரிவு உண்டு, இறகுப் பிரிவு உண்டு. பறவைதான் கிடையாது. பறவை இல்லாத இடத்தில் பறவை சாவது எப்படி? ஒன்றுகூடச் சாகவில்லை என்பதை வருஷா வருஷம் சாதனையாக எழுதி மேலே அனுப்பிவிட்டு, எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதி பொறுக்காமல், எங்கேயோ ஒரு நாட்டுப் பறவைப் பிரியர்கள் மரப்பெட்டியில் இரண்டு வாத்துகளை அன்பளிப்பாக அனுப்பிவைத்தார்கள்.

சாதாரண வாத்து இல்லை. ஹவாய்த் தீவுகளில் மட்டும் இருக்கிற நேனே. கழுத்து பொன்னிறத்தில் வரிவரியாக, உழுத வயல் மாதிரி இருக்கும். எரிமலை கக்கி ஆறிய கரும்பாறை மேலேயே நடந்து பழகியதால், மற்ற வாத்துகளுக்கு இருக்கிற கால்சவ்வு இதற்குப் பாதிதான். மெதுவாக, தொண்டைக்குள்ளேயே ‘நே... நே...’ என்று முனகும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் சாகிறவரைக்கும் பிரியாது. அதன் தீவில் துரத்திக் கடிக்கிற நாலுகால் மிருகம் எதுவும் இருந்ததில்லை. ஆகவே எதைக் கண்டாலும் ஓட வேண்டும் என்கிற பழக்கமே அதற்கு வரவில்லை. பிறகு மனிதன் போனான். கூடவே பூனையும் கீரியும் போயின. அப்போதும் அது ஓடவில்லை. ஒரு காலத்தில் உலகம் பூராவும் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு அழிந்து, அப்புறம் கூட்டில் வைத்து வளர்த்து மீட்டிருக்கிறார்கள்.

நிலையத்தில் வாத்துகளுக்கு மாலை போட்டு வரவேற்பு நடந்தது. மாலையை இரண்டும் தின்றுவிட்டன. அன்று சாயங்காலமே முதல் சிக்கல். யாங்கோனில் வேற்றாள் ஒருவர் எந்த வீட்டில் இராத்தங்கினாலும் வட்டார அலுவலகத்தில் போய் விருந்தாளி என்று பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் இப்போதெல்லாம் ஊரில் கிடையாது. வாத்துகள் வெளிநாட்டிலிருந்து வந்து வளாகத்தில் தங்குகின்றன. பதியாமல் விட்டால் தன் தலை போகும் என்று இயக்குநர் ஊ சான் லுவினுக்கு வேர்த்துவிட்டது. எழுத்தர் நபீஸாவை அனுப்பினார். அங்கே இருந்தவர் பெயர் கேட்டார். அண்ணன், அக்கா என்கிற பர்மிய மரியாதையைச் சேர்த்து ஆணுக்குக் கோ நே, பெண்ணுக்கு மா நே என்று நபீஸா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். தகப்பன் பெயர் கேட்டார். அவள் விழித்தாள். தகப்பன் பெயர் தெரியாதவர்களை வட்டாரத்தில் தங்கவிட முடியாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசியில் நிலையத்து டிரைவர் சாதிக் பாட்சாவின் பெயரைப் போட்டு முடித்தார்கள். மனுஷனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

வந்த மறுவாரமே கோ நே செத்துப்போனது. வளாகத்துப் புல்லை மேய்ந்துகொண்டே வாசல் பக்கம் போயிருக்கிறது. காவலாளி ‘நில்’ என்றிருக்கிறான். வாத்து அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவன் பூட்ஸ் கயிறு புல் மாதிரி தெரிந்ததோ என்னவோ, அவனை நோக்கியே நடந்திருக்கிறது. மறுபடியும் ‘நில்’ என்றிருக்கிறான். அப்புறம் சுட்டுவிட்டான். பிரேதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு, தகப்பன் என்கிற முறையில், சாதிக் பாட்சா கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக் குழு கூடியது. கடைசியில் ஊ சான் லுவின் எழுந்து பேசினார். அவர் பேசியது பர்மிய மொழியில், நமக்காகத் தமிழில்:

“நடந்ததற்குத் துப்பாக்கி காரணமல்ல. துப்பாக்கி தன் கடமையைச் செய்தது. காவலாளி தன் கடமையைச் செய்தார். அன்று இந்த வளாகத்தில் கடமை தவறியது ஒரே ஒருவர், அது அந்த வாத்து. தினமும் வாசலைத் தாண்டும்போது நாமெல்லோரும் பயப்படுகிறோம். நான் பயப்படுகிறேன். பயப்பட்டதால்தான் இயக்குநராக இருக்கிறேன். இந்தப் பறவைக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? பயம் இருந்திருந்தால் பிழைத்திருக்கும். பறவையைக் காப்பதுதான் நம் வேலை. ஆகவே மிஞ்சியிருப்பதற்குப் பயம் கற்றுக்கொடுப்போம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். யார் முதலில் கைதட்டுவதை நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள்.

அச்சப் பயிற்சிப் பிரிவு திறக்கப்பட்டது. முதலில் ஒலிபெருக்கி வைத்து நாய் குரைக்கிற சத்தத்தைப் போட்டார்கள். கியாக்டடாவில் இருக்கிற அத்தனை தெருநாயும் பதில் குரைத்தது; மா நே தலையைச் சிறகுக்குள் வைத்துத் தூங்கியது. அடுத்து, துணை இயக்குநர் புலி வேஷம் கட்டிக்கொண்டு நாலு காலில் பாய்ந்தார். முட்டைப் பிரிவுப் பெண்கள் அலறிக்கொண்டு ஓட, வாத்து போய்ப் புலியின் வாலிலிருந்த நூலைப் பிரித்துத் தின்றது. கடைசியில் வெடி போட்டார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. சத்தம் கேட்டதும் தெருவில் போனவர்கள் அப்படியே குப்புறப் படுத்தார்கள். கடைகளின் இரும்புக் கதவுகள் கடகடவென்று இறங்கின. ஒரு பஸ் நடுரோட்டில் நின்று, டிரைவர் இருக்கைக்கடியில் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பச்சை லாரி ஒன்று வந்து நின்று, அதிலிருந்து இறங்கியவர்கள் யாரிடமும் எதுவும் பேசாமல் எல்லோரையும் சும்மா பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வட்டாரத்திலேயே நின்ற இடத்தில் நின்று புல் மேய்ந்தது மா நே ஒன்றுதான்.

இந்த நேரத்தில்தான் நபீஸாவுக்கு முரளிதரன் ஞாபகம் வந்தான்.

முரளிதரன் அதே ஊரில் தாமுவே வட்டாரத்துக்காரன். பாட்டன் காலத்தில் துறைமுக வேலைக்கு வந்த குடும்பம். இவன் தாமுவே–சூலே பஸ்ஸில் வெகுகாலம் கண்டக்டராக இருந்தவன். படியில் தொங்கிக்கொண்டு ‘சூலே சூலே சூலே! ஏறு ஏறு ஏறு!’ என்று ஒரு சத்தம் கொடுத்தானென்றால், போக நினைக்காதவன்கூட ஏறிவிடுவான். கண்டக்டரே வேண்டாம் என்று புது ஏற்பாடு வந்து, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் மனைவி ராணி சுடுகிற பருப்பு வடையைச் சந்தை முனையில் உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தான். அந்தக் குரலை வைத்துக்கொண்டு வடை விற்பது அவனுக்கே அவமானமாகத்தான் இருந்தது.

“முரளிண்ணே, எங்க ஆபீஸ்ல ஒரு வேலை இருக்கு” என்றாள் நபீஸா. “வாத்த பயமுறுத்தணும்.”

“வாத்தையா? எதுக்குமா?”

“அது எதுக்கும் பயப்பட மாட்டேங்குதாம்.”

“நல்லதுதானே?”

நபீஸா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். “வெளிய இப்படிலாம் பேசாதீங்கண்ணே. வேலைக்கு வரீங்களா இல்லியா?”

வந்தான். வாசலில் காவலாளி அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தான். வடை வாசனையைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. ஊ சான் லுவின் அவனை உட்காரச் சொல்லாமலே விஷயத்தைச் சொன்னார். “கோ முரளி, உங்கள் சத்தத்துக்கு மனிதர்கள் ஓடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். வாத்து ஓட வேண்டும். அவ்வளவுதான். ஓடினால் தெற்கே கடலில் நமக்கொரு தீவு ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே சுதந்திரமாக விட்டுவிடுவோம். உங்களுக்கும் வேலை நிரந்தரமாகும்.”

“ஓடலைன்னா, சயாஜி?” என்றான்; பெரிய ஐயாக்களை அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

“ஓடாத பிராணிக்கு என்ன நடக்கும் என்பதைக் கோ நே விஷயத்தில் பார்த்தோமே” என்றார் அவர், வருத்தப்படுகிறவர் மாதிரி.

வளாகத்துப் புல்தரையில் முரளிதரன் போய் நின்றான். மாடி ஜன்னல்களில் எல்லாப் பிரிவும் எட்டிப் பார்த்தது. என்ன கத்துவது? அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதானே. வாய்க்கு இரண்டு கையையும் குவித்து, “சூலே சூலே சூலே! ஏறு ஏறு ஏறு!” என்று விட்டான் பாருங்கள், ஒரு சத்தம்!

மா நே கழுத்தை நிமிர்த்தியது. புல்லை விட்டது. குடுகுடுவென்று நேரே அவனிடம் வந்து, காலடியில் நின்று, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பிரயாணி மாதிரி அண்ணாந்து பார்த்தது. வாசலுக்கு வெளியே நடைபாதையில் நின்றிருந்த ஒரு கிழவி கூடையோடு உள்ளேயே வந்துவிட்டாள். காவலாளி அவளைத் திருப்பி அனுப்பப் பெரும்பாடுபட்டான். ஆயுசு பூரா ஜனங்களை வா வா என்று கூப்பிட்டே பழகிய தொண்டையில் போ என்கிற சத்தம் எங்கிருந்து வரும்? முரளிதரன் கோபமாகக் கத்திப் பார்த்தான். பல்லைக் கடித்துக் கத்தினான். எப்படிக் கத்தினாலும் அது அழைப்பாகவே வந்து தொலைத்தது. வாத்து அவனை விட்டு நகரவில்லை.

‘பயிற்சியாளரின் குரலுக்குப் பறவை உடனடியாக எதிர்வினை காட்டுகிறது’ என்று அன்றைய அறிக்கையில் எழுதினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அதன்பிறகு முரளிதரன் தினமும் காலையில் தாமுவேயிலிருந்து ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு வருவான். கத்துவான். வாத்து வரும். கீரை போடுவான். மேலே ஜன்னல் திறந்திருந்தால் மறுபடியும் கத்துவான். மத்தியானம் அவன் அரசமர நிழலில் சாய்ந்தால், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் லோஞ்சிக் கைலியின் ஓரத்தைக் கொத்திக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்தால் மட்டும் எழுந்து வாசல் பக்கம் போகும். ஆண் விழுந்த இடத்தில் நின்றுகொண்டு, நே... நே... என்று முனகும். ஒன்றும் பதில் வராது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பி வரும். முரளிதரனுக்குத் திகிலாக இருந்தது, காவலாளி ஒவ்வொரு நாளும் அதையே பார்த்துக்கொண்டு விரலை நீவிக்கொண்டிருந்ததுதான்.

“பாவம் ராணி அது” என்றான் வீட்டில். “பயம்னா என்னான்னே தெரியாம ஒரு ஜீவன் இருக்கு பாரேன். அது கிட்ட உக்காந்தா எனக்கே மனசு லேசாயிடுது.”

“உங்களுக்கு லேசாயிடும். அதுக்கு என்னாவும்?” என்றாள் ராணி. “அது ஓடுனாத்தானே தீவுக்கு அனுப்புவாங்க? ஓட வைங்க. சும்மா கொஞ்சிகிட்டு இருந்தா அது உசிரு போயிடும்.”

அவன் மறுநாள் கீரைக்குச் சில்லறையை எண்ணி எடுத்து வைத்தான்.

மழை விட்ட சமயத்தில் வாத்தின் சிறகிலிருந்த பெரிய இறகுகள் உதிர ஆரம்பித்தன. வருஷத்தில் ஒருமுறை அப்படித்தானாம். புது இறகு முளைக்கிறவரை பறக்க முடியாது. இறகுப் பிரிவு சந்தோஷமாக எல்லாவற்றையும் பொறுக்கி முத்திரை குத்தி வைத்தது. அந்த வாரம்தான் பெரியவர் பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது.

பெரியவர் யார், என்ன பதவி என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவுமில்லை. ஊ சான் லுவின் முரளிதரனைக் கூப்பிட்டபோது அவர் கைக்குட்டை நனைந்திருந்தது.

“கோ முரளி, நாளைக் காலை. வாத்து இன்னும் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் கீரை போடுவதும் தெரியும். பயப்படாத ஒரு பிராணியைப் பெரியவர் முன்னால் என்னால் நிறுத்த முடியாது. அவர் முன்னால் இதுவரை யாரும் அப்படி நின்றதில்லை. பார்த்தால் அவருக்கு என்னவென்றே புரியாது. புரியாவிட்டால் கோபம் வரும். ஆகவே இன்று மாலைக்குள் ஓட வேண்டும். இல்லையென்றால் வாசலுக்கு அனுப்பிவிடுவேன். காவலாளியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.”

“சயாஜி, அது வாயில்லாத ஜீவன்...”

“எல்லோருமே அப்படித்தான் இருக்கிறோம்” என்றார் இயக்குநர், ரொம்ப அன்பாக.

முரளிதரன் கீழே வந்தான். துடைப்பத்தின் மூங்கில் கட்டையை எடுத்துக்கொண்டான். மாடி ஜன்னலில் நின்றிருந்த நபீஸா அதைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அவன் கத்தவில்லை, “மா நே” என்று மெதுவாகக் கூப்பிட்டான். வந்தது. அடித்தான். முதுகில் விழுந்தது அடி. வாத்து தள்ளாடி நின்று, என்ன நடந்தது என்று தெரியாமல், பக்கத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது. அப்புறம் மறுபடியும் அவன் காலடிக்கே வந்தது. ஐயோ, அது வந்ததுதான் அவனால் தாங்க முடியவில்லை. “வராதடி! போ! தீவுக்குப் போவணும்டி நீ! ஓடித் தொலையேன்!” என்று அழுதுகொண்டே அடித்தான். அது மூலைக்குப் போய் ஒடுங்குகிறவரை அடித்தான். பிறகு கட்டையை நீட்டாமல் சும்மா ஒரு அடி எடுத்து வைத்தான். வாத்து கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு சுவரோரமாக ஓடியது.

ஓடிவிட்டது. முரளிதரன் கட்டையைப் போட்டுவிட்டு, குழாயடியில் உட்கார்ந்து கையை வெகுநேரம் கழுவினான். கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஒரு நிம்மதி, பிழைத்துக்கொண்டது என்று. தீவில் புல் இருக்கும். அங்கே யாராவது வந்தால் ஓடிக்கொள்ளும்.

மறுநாள் கறுப்புக் கார்கள் வந்தன. பஸ்களை வேறு வழியில் திருப்பிவிட்டிருந்ததால் கியாக்டடாவில் அன்று சத்தமே இல்லை. பெரியவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவர் நடக்க நடக்க, இரண்டு பக்கமும் நின்றவர்கள் குனிந்துகொண்டே போனார்கள்.

ஊ சான் லுவின் பேசினார். “முன்பு இந்தப் பறவை கெட்டுப்போயிருந்தது. யாரைப் பார்த்தாலும் நட்பாக நெருங்கிவிடும். தங்கள் வழிகாட்டுதலில் அதற்கு ஒழுங்கு கற்றுத் தந்திருக்கிறோம்.” பிறகு முரளிதரனுக்குச் சைகை காட்டினார்.

முரளிதரன் புல்தரையில் ஒரு அடி வைத்தான். மா நே அவனைப் பார்த்ததுதான் தாமதம், இறகு உதிர்ந்த சிறகை அடித்துக்கொண்டு மதிலோரம் ஓடியது. மூலையில் முட்டிக்கொண்டு நின்று உடம்பெல்லாம் நடுங்கியது. கைதட்டல் பொங்கியது. துணை இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முரளிதரன் தலையைக் குனிந்துகொண்டு, தீவு, தீவு, தீவு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான்.

பெரியவர் கைதட்டவில்லை. அதனால் கைதட்டல் பட்டென்று நின்றது.

“ஹவாய் வாத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருக்கிறேன்” என்றார் அவர், யாரையும் பார்க்காமல். “மனிதனைக் கண்டால் ஓடாதாம். அதனால்தான் அழிந்து, அதனால்தான் அரியதாகிவிட்டதாம். இது ஓடுகிறதே.”

துணை இயக்குநர் கண்ணைத் துடைப்பதை நிறுத்திக்கொண்டார்.

“சந்தையில் விற்கிற வாத்துதான் இப்படி ஓடும்” என்றார்.

ஊ சான் லுவினின் முகம் வெளிறிவிட்டது. ஆனால் மனிதர் சும்மா இயக்குநராகிவிடவில்லை. “சத்தியமான வார்த்தை” என்றார் உடனே. “எனக்கும் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். உண்மையான நேனேயாக இருந்தால் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் ஓடியிருக்காது. அந்நிய நாட்டவர்கள் ஏமாற்றிவிட்டார்கள். தங்கள் ஒரு பார்வையில் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. உண்மையான நேனேயை நம் காவலாளி அன்றைக்கே...” என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்காமல் விழுங்கிக்கொண்டார்.

“சந்தை வாத்தை இங்கே வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார் பெரியவர். “மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது.”

பெரியவரோடு வந்த சமையற்காரர் சாக்கைப் பிரித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“சயாஜி! நேத்துவரைக்கும் அது...” என்று முரளிதரன் வாயெடுத்தான். ஊ சான் லுவின் அவனைப் பார்க்கவில்லை. வாசல் காவலாளியைப் பார்த்தார். காவலாளி முரளிதரனைப் பார்த்தான். முரளிதரன் வாயை மூடிக்கொண்டான்.

சமையற்காரர் ஒரு பக்கமிருந்து வந்தார். மதிலில் ஒரு பெரிய சாக்கடைத் துவாரம் உண்டு. அதற்குள் நுழைந்துவிட்டால் பின்சந்து. அது முரளிதரன் நின்ற பக்கத்தில் இருந்தது. முழங்காலில் விழுந்து, யாருக்கும் கேட்காத குரலில், “இந்தப் பக்கம் வாம்மா, எங்கிட்ட வா” என்று கையை நீட்டினான். மா நே அவனைப் பார்த்தது. அந்தக் கையைப் பார்த்தது. திரும்பி, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக எதிர்ப்பக்கம் ஓடி, சாக்கைப் பிடித்திருந்தவரின் கால்களுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டது.

பெரியவர் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, முட்டைப் பிரிவைப் பாராட்டி, அரசமரத்தை வெட்டலாமா கூடாதா என்பதற்கு ஒரு குழு அமைத்து முடிப்பதற்குள் சமையலும் முடிந்திருந்தது. மாடிக் கூடத்தில் நீள மேசை போட்டார்கள். “பயிற்சி கொடுத்தவர் எங்கே? அவரும் உட்காரட்டும்” என்று பெரியவரே சொன்னார். முரளிதரனை இயக்குநருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தபோதே ஊ சான் லுவின் அவன் காதில், வேலை நிரந்தரமாகிவிட்டது என்றார். நபீஸா மேசைக்கு அந்தப் பக்கம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோர் தட்டிலும் பரிமாறினார்கள். எல்லோரும் பெரியவரையும், பெரியவர் முரளிதரனையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முரளிதரன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றான்.

“எப்படி இருக்கிறது?” என்று கேட்டார் பெரியவர்.

அவன் விழுங்கினான். “நல்லா இருக்குங்க” என்றான்.

பெரியவருக்கு ரொம்பச் சந்தோஷம். இவருக்கு இன்னொரு துண்டு வையுங்கள் என்றார். வைத்தார்கள். முரளிதரன் அதையும் சாப்பிட்டான்.